ஜப்பானுக்குப் போகாத மாமா

ஜனவரி 20, செவ்வாய்

வங்கியில் கொடுத்த டைரி. முதல் சில பக்கங்களில் என் மகள் யாழினி நண்டு வரைந்து வைத்திருக்கிறாள். ஒன்றாம் வகுப்புக்கு நன்றாகவே வரைகிறாள். எல்லா நண்டுக்கும் சரியாகப் பத்துக் கால், கொடுக்கையும் சேர்த்து. தாத்தா கொடுத்த பயிற்சி அப்படி. எட்டுக் காலோடு விட்டால், “இத ஆஸ்பத்திரில சேர்க்கணுமே” என்று கவலைப்படுவார்.

ஆகவே என் வருடம் இன்றுதான் பிறக்கிறது. இதில் நான் எழுதப்போவது ஒரு மேடைப் பேச்சு.

தாத்தா என்றால் என் மாமனார், டாக்டர் லாம்பர்ட் கொரைரா. நண்டு விஞ்ஞானி. தூத்துக்குடியில் அவரைத் தெரியாதவர்கள் இருக்கலாம். கடற்கரைப் பக்கம் இருக்க முடியாது. நவம்பரில் ஒரு காலை கடற்கரையிலிருந்து வந்தார், செருப்பைக் கழற்றினார், “செலி, காப்பி” என்றார். அத்தை காப்பி கொண்டுவருவதற்குள் போய்விட்டார்.

அவர் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர் வரதராஜுலு இன்று போன் செய்தார். பிப்ரவரி ஏழாம் தேதி நினைவுக் கூட்டமாம். குடும்பத்தின் சார்பில் ஒருவர் ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம்.

சாப்பாட்டு மேசையில் ஆலோசித்தோம். என் மனைவி ஜெனிட்டா ‘அனைவருக்கும் வணக்கம்’ என்பதைத் தாண்ட மாட்டாள். அவள் தம்பி ரெக்ஸ் மஸ்கட்டிலிருந்து வீடியோவில் பேசுகிறேன் என்று சொன்னான், சொல்லும்போதே அழுதான். அத்தை மீன்முள்ளைத் தட்டோரம் ஒதுக்கிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: “மாப்ள பேசட்டும். அவுகளுக்குத்தான் அழுகையே வராது.”

பாராட்டா, புகாரா என்று தெரியவில்லை. பாலிடெக்னிக்கில் பல வருடமாக முக்கோணவியல் நடத்துகிறேன். என் வகுப்பில் அழுகிறவர்கள் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள்தான்.

ஜனவரி 22, வியாழன்

முதல் வரைவு தயார். சமையலறையில் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சாளை மீன் அலசிக்கொண்டிருந்தார்.

“அன்னாரின் மறைவு கடல்சார் அறிவியல் உலகுக்கு ஈடுசெய்ய இயலாத பேரிழப்பாகும்.”

“யாரு செத்தது?” என்றார் அத்தை.

“நம்ம மாமாதான் அத்தை.”

“அவுகளுக்கு எப்ப அன்னார்னு பேரு வச்சீங்க?”

அடித்துவிட்டு அடுத்த வரியை வாசித்தேன். “எளிமையே உருவானவர்.”

“எளிமையா? இஸ்திரி மடிப்பு ஒண்ணு கூடிட்டா சட்டைய என் மடியில போட்டுட்டு வெறும் உடம்போட நிப்பாவ. நண்டு பாக்கப் போறவுகளுக்கு எதுக்கு மடிப்பு? ‘நண்டு பாக்கும்லா செலி’ன்னு சொல்லுவாவ.” மீனைத் திருப்பிப் போட்டார். “நீங்க வேற யாரையோ பத்தி எழுதியிருக்கீங்க மாப்ள. அவுகளுக்கும் கூட்டம் வைக்கட்டும். நான் வருதேன்.”

இரண்டாம் வரைவு தொடங்க வேண்டும்.

ஜனவரி 23, வெள்ளி

தண்ணீர் மோட்டார் ரிப்பேர். மாமாவின் ஸ்கூட்டரையும் சர்வீஸுக்கு விட்டேன். போன மாதம்தான் விட்டிருந்தீர்களே என்றார் மெக்கானிக். சும்மா நிற்கிற வண்டி துரு ஏறும் என்று அவருக்கு விளக்கினேன்.

ஜனவரி 25, ஞாயிறு

எல்லோரும் மாதா கோவிலுக்குப் பூசைக்குப் போனார்கள். நான் மீன் வாங்கப் போனேன்.

இதைப் படிக்கிறவர் யாராவது இருந்தால் சிரிக்கக்கூடும். நான் பவானிக்காரன், ஜமுக்காளக் கடைக்காரர் மகன், பிறவிச் சைவம். மீனில் தலை எந்தப் பக்கம் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். ஆனாலும் கல்யாணமானதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாமா என்னைக் கடற்கரைக்கு அழைத்துப் போவார். அவர் நண்டுகளோடு பேசுவார், நான் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பழக்கம் விடவில்லை. வேறொன்றுமில்லை.

படகுக்காரர் சூசை என்னைப் பார்த்ததும் வலையைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார். முன்பு நிலையத்தின் ஆராய்ச்சிப் படகை ஓட்டியவர். மாமாவைப் பற்றி மேடையில் என்ன சொல்லலாம் என்று கேட்டேன்.

“மக்ரூன் கதையச் சொல்லுங்க சார்.”

“எந்தக் கதை?”

சினை நண்டைப் பிடித்தால் திரும்பக் கடலில் விடச் சொல்லி மாமா வருடக்கணக்காகக் கெஞ்சியிருக்கிறார். விட்டால் நாளைக்கு லட்சம் குஞ்சு என்றிருக்கிறார். யாரும் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் பேக்கரியிலிருந்து ஒரு பொட்டலம் முந்திரி மக்ரூனோடு வந்து நின்றாராம். ஒரு சினை நண்டைத் தண்ணீரில் விட்டால் ஒரு மக்ரூன்.

“நாங்க என்ன சின்னப் புள்ளையளான்னு கேட்டோம். ‘தின்னு பாரு லேய்’ன்னாரு. தின்னோம். அப்புறம் பழகிப்போச்சு. மக்ரூன் இல்லாத அன்னைக்கும் விட்டுருவோம்.”

“நல்ல யோசனைதான்.”

“யோசனை நல்லாத்தான் இருந்துச்சு. பாதிப் பொட்டலம் வர்ற வழியிலேயே காலியாயிரும். சாருக்குச் சர்க்கரை வேற.”

அவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த மீனை வாங்கி வந்தேன். அத்தை செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “பரவால்லையே” என்றார். நான் சூசை பெயரைச் சொல்லவில்லை.

ஜனவரி 26, திங்கள்

காலையில் கொடியேற்றம், மிட்டாய். வந்து இரண்டாம் வரைவு வாசித்தேன். “தம் வாழ்நாளில் பொய்யே பேசாத மாமனிதர்” என்ற இடத்தில் அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நவம்பருக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்பதால் நானும் கொஞ்சம் சிரித்தேன், எதற்கென்று தெரியாமல்.

“பொய்யே பேசாதவுகளா! சாயங்காலம் ஆனா ‘கடல் வத்தியிருக்கான்னு பாத்துட்டு வருதேன்’னு கெளம்புவாவ. திரும்பி வரும்போது மீசை பூரா மக்ரூன் தூளு. கடல்ல முந்திரி வெளையுதான்னு கேப்பேன். ‘அது உப்பு, செலி’ன்னு சொல்லுவாவ.”

மக்ரூன்கள் வேறு யாருக்கெல்லாம் போயின என்று சூசை சொன்னதைச் சொன்னேன். அத்தை கரண்டியை மறுபடி கையில் எடுத்தார். பிறகு, “அப்ப பாதிதான் தின்னுருக்காவளா?” என்றார். “நான் முழுசுக்கும்லா திட்டுனேன்.”

அந்த வரியையும் அடித்தேன். இப்போது என் பேச்சில் மிச்சமிருப்பது வணக்கமும் நன்றியும்.

ஜனவரி 29, வியாழன்

மூன்றாம் வரைவு. அத்தை பாதியில் எழுந்து பால் வாங்கப் போய்விட்டார். பால் வீட்டில் இருந்தது.

பிப்ரவரி 1, ஞாயிறு

இயக்குநர் வரதராஜுலு அழைப்பிதழோடு நேரில் வந்தார். நல்ல மனிதர், சத்தம்தான் அதிகம். கூடத்தில் உட்கார்ந்து மேடையில் பேசப்போவதை எங்களுக்கு ஒத்திகை பார்த்தார்.

“எல்லாத்துக்கும் மேல அந்த ஜப்பான் விஷயம் மேடம்! அந்தக் காலத்துல ஒரு பல்கலைக்கழகமே கூப்பிடுது. எவ்வளவு சம்பளம், எப்படிப்பட்ட லேப்! ‘என் நாட்டுக் கடல விட்டு வரமாட்டேன்’னு உதறினாரே! அதைச் சொல்லும்போது அரங்கமே எழுந்து நிற்கும், பாருங்க.”

அத்தை காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இயக்குநர் போனபின், “எனக்கு முட்டு வலி, நான் கூட்டத்துக்கு வரல” என்று உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. ஜெனிட்டா தைலம் எடுத்துப் போனாள். தைலம் வேண்டாமாம்.

மதியம் யாழினியை அழைத்துக்கொண்டு ஜெனிட்டா தோழி வீட்டுக்குப் போனாள். நான் சமையலறையில் பூண்டு உரித்துக் கொடுத்தேன். முட்டு வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அத்தை என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

“கல்யாணமாயி எனக்கு ரெண்டு புள்ள தங்கல மாப்ள. மூணாவதா ஜெனிட்டா வயித்துல. அப்பத்தான் ஜப்பான்ல இருந்து கூப்புட்டாவ. டாக்டரம்மா என்னையக் கட்டில விட்டு எறங்காதன்னுட்டா. நீங்க போயிட்டு வாங்கன்னுதான் சொன்னேன். அவுக மறுநாளே வேண்டாம்னு எழுதிப் போட்டுட்டு, ‘நம்ம கடல விட்டுட்டு எவன் போவான்’னு ஊரெல்லாம் சொல்லிட்டாவ.”

“நல்ல மனசு அத்தை.”

“நல்ல மனசுதான், யாரு இல்லன்னா? பொண்டாட்டியால எம்புள்ள பொழப்பு போச்சேன்னு எங்க மாமியா என்னைய ஏசிரக் கூடாதுல்லா, அதுக்குச் சொன்ன பொய்யி. மாமியா போய்ச் சேர்ந்து எம்புட்டோ காலமாச்சு. பொய்யி இன்னும் சாகல. எந்த மேடை ஏறுனாலும் நாட்டுக்காகன்னு சொல்லுதாவ. நான் முன்வரிசைல உக்காந்து தலையாட்டணும். அவுக இருந்தவரைக்கும் ஆட்டுனேன். அந்த எடம் வரும்போது, பக்கத்துல உக்காந்து என் கைய ஒரு அமுக்கு அமுக்குவாவ. இப்ப யாரு அமுக்குவா?”

பூண்டு நல்ல காரமான பூண்டு. கண் எரிந்தது.

ஏதாவது பேச வேண்டுமே என்று, “மாமா என்கிட்ட ஏதாவது பொய் சொல்லியிருக்காரா அத்தை?” என்று கேட்டேன். வேடிக்கையாகத்தான் கேட்டேன்.

அத்தை அடுப்பைப் பார்த்தார். “தாளிப்பு கருகுது, தள்ளுங்க” என்றார். அடுப்பில் இன்னும் சட்டியே வைக்கவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

மாதாந்திரத் தேர்வு. விடைத்தாள் திருத்தினேன்.

எங்கள் கல்யாணத்துக்கு அப்பா வரவில்லை. மீன் தின்கிற வீட்டில் பெண்ணெடுத்தால் நீ எனக்கு மகனில்லை என்று சொன்னவர் சொன்னபடி நின்றார். நானும் நின்றேன். அம்மா இருந்திருந்தால் நடுவில் யாராவது நகர்ந்திருப்போம். ஆனால் வருடா வருடம் பொங்கலன்று மாமா வந்து சொல்வார்: “ஒங்க அப்பா போன் பண்ணுனாரு மாப்ள. ஒங்களத்தான் விசாரிச்சாரு. பனிக்காலத்துல மூச்சு எறைக்குமே, இப்ப எப்படி இருக்குன்னு கேட்டாரு.” நான் “அப்படியா” என்று சொல்லிவிட்டுக் கரும்பு வெட்டப் போய்விடுவேன்.

இந்தப் பொங்கலுக்கு மாமா இல்லை. ஒன்றும் வரவும் இல்லை.

எனக்கு மூச்சு இரைப்பது அப்பாவுக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரியும்.

இதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. மதியம் முழுக்க யோசிக்கவில்லை. ஒரே விடைத்தாளை இரண்டு தடவை திருத்தி இரண்டு விதமாக மார்க் போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 5, வியாழன்

இயக்குநருக்குப் போன் செய்து, ஜப்பானை மட்டும் விட்டுவிட முடியுமா என்று கேட்டேன். “அதை விட்டா என்கிட்ட பேச என்ன சார் இருக்கு?” என்றார். பாவம், உண்மையைத்தான் சொன்னார்.

சாயங்காலம் அத்தையிடம் கடைசியாக ஒரு வரைவு வாசித்தேன். ஜெனிட்டாவைப் பெண் கேட்டு நான் இந்த வீட்டுக்கு வந்த கதை. மாமா என் சம்பளத்தைக் கேட்கவில்லை, சாதியைக் கேட்கவில்லை. “கடல் நண்டக் கையால தொட்டுருக்கீங்களா தம்பி?” என்று கேட்டார். இல்லை என்றேன். குளியலறைக்கு அழைத்துப் போனார். வாளிக்குள் ஒரு நண்டு. தொட்டேன். கட்டைவிரலைக் கவ்வியது. நான் போட்ட சத்தத்தில் தெருவே வந்தது. மாமா என் விரலைப் பார்க்கவில்லை, நண்டைப் பார்த்து, “நேத்துதான் ஓடு கழட்டுச்சு, அதுக்குள்ள என்னா பிடி!” என்று பூரித்துப்போனார். பிறகு என்னைப் பார்த்து, “வலிச்சும் நீங்க அத ஒதறலையே தம்பி. எம்மவளக் கட்டிக்கிடுங்க” என்றார்.

உதறத் தெரியாமல் நின்றேன் என்பதே உண்மை.

அத்தை கேட்டு முடித்துவிட்டு மூக்கைச் சிந்தினார். “இது அவுகதான்” என்றார். பிறகு ஜெனிட்டாவைக் கூப்பிட்டு, எந்தச் சேலைக்கு ரவிக்கை பொருந்தும் என்று கேட்டார். முட்டு வலியைப் பற்றி யாரும் பேசவில்லை.

பிப்ரவரி 7, சனி

கூட்டம் முடிந்து வந்தாயிற்று. வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

அரங்கம் நிறைந்துவிட்டது. நிலையத்து ஆட்கள் ஒரு பக்கம், படகுக்காரர்கள் ஒரு பக்கம். படகுக்காரர்கள் குளித்துப் பவுடர் பூசி வந்திருந்தார்கள். பேக்கரிக்காரரும் வந்திருந்தார், நல்ல வாடிக்கையாளரை இழந்த முகத்தோடு. மேடையில் மாமா படம், மாலை. மடிப்புக் கலையாத சட்டை.

முதலில் இயக்குநர் பேசினார். நண்டின் இனப்பெருக்கத்திலிருந்து தொடங்கி, பல நாடுகள் வழியாக, ஒருவழியாக ஜப்பானை நெருங்கினார். நான் அத்தையின் இடப்பக்கம் இருந்தேன், ஜெனிட்டா வலப்பக்கம். அத்தையின் கை மடியில் இருந்தது. மருமகன் என்ன செய்ய முடியும்? என் கையிலிருந்த பேச்சுத் தாளை மடித்துக்கொண்டிருந்தேன்.

“ஏன் ஜப்பானுக்குப் போகவில்லை?” இயக்குநர் குரலை உயர்த்தினார். “இந்த நாட்டுக்காக!”

கைதட்டல் தொடங்கும் முன் அத்தை எழுந்து நின்றார்.

“இல்ல சார்,” என்றார். மைக் இல்லை, ஆனாலும் மீன் சந்தையில் பேரம் பேசிய குரல் அது, கடைசி வரிசைக்கும் போனது. “நாட்டுக்காக இல்ல. எனக்காக.”

இயக்குநர் கை மேலே தூக்கியபடி நின்றார்.

“எனக்கு உடம்பு முடியல. மூணாவது புள்ள வயித்துல. முன்னாடி ரெண்டு தங்கல. அதான் அவுக போகல. எனக்குப் பேச்சு வந்துரக் கூடாதுன்னு நாட்டு மேல பழியப் போட்டுட்டாவ. நாடு தப்பா எடுத்துக்கிடாது.”

யாரோ ஒருவர் சிரித்தார். பின்னால் இன்னும் சிலர். சிரிப்போடு கைதட்டலும் கலந்து வந்தது. அத்தை அதற்கெல்லாம் நிற்கவில்லை. “நான் கட்டில்ல கெடந்த அஞ்சு மாசமும் அவுகதான் சோறு பொங்குனாவ. நண்டுக்குத் தீனி நிறுக்கிற தராசுல எனக்கு உப்பு நிறுத்துப் போடுவாவ. அப்படியும் கரிக்கும். இதையும் எழுதிக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஜெனிட்டா அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வயது தாண்டிய பெண், வாய் திறந்து, யாழினி மாதிரி.

“அப்ப அந்தப் புள்ள நானாம்மா?”

“நீதான்.”

“என்னாலதான் அப்பா போகலையா?”

“போயிருந்தா அங்க நீயும் இல்ல, நானும் இல்ல. அவுக கணக்குப் போட்டுத்தான் பாத்தாவ,” என்றார் அத்தை. “ஒருநாளும் வருத்தப்படல. ஒன்னைய மொதமொத கையில வாங்குனப்ப என்ன சொன்னாவ தெரியுமா? ‘செலி, இதுக்கும் வெரல் எல்லாம் சரியா இருக்கு’ன்னு எண்ணிப் பாத்துச் சொன்னாவ.”

ஜெனிட்டா சிரித்துக்கொண்டே அழுதாளா, அழுதுகொண்டே சிரித்தாளா, எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அத்தையும் அப்படித்தான். நவம்பரிலிருந்து கட்டி வைத்திருந்தது எல்லாம் அங்கேயே, முன்வரிசையிலேயே, எல்லோர் முன்னாலும் கரைந்தது. இயக்குநர் மேடையிலிருந்து இறங்கி வந்து தண்ணீர் கொடுத்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. நல்ல மனிதர் என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஏறினேன். அனைவருக்கும் வணக்கம் என்றேன். அதன் பிறகு மைக்கில் ஏதோ கோளாறு, குரல் வரவில்லை. கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கீழே இருந்து அத்தை, “நண்டு கடிச்சத சொல்லுங்க மாப்ள!” என்று எடுத்துக் கொடுத்தார். சொன்னேன். எப்படியோ சொல்லி முடித்தேன். படகுக்காரர்கள் பக்கம் விசில் பறந்தது.

மைக் செட்காரர் மைக் நன்றாகத்தான் இருந்தது என்கிறார். நான் வாதாடவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

காலையில் அத்தை இட்லி ஊற்றிக்கொண்டே கேட்டார்: “மாப்ள, மாமா போனத ஒங்க அப்பாவுக்கு யாராச்சும் சொன்னீங்களா?”

“அவருக்கு எதுக்கு அத்தை?”

“பொங்கலுக்குப் பொங்கல் பேசுறவுகல்லா ரெண்டு பேரும்.”

“அப்பாதானே மாமாவுக்குப் போன் பண்ணுவாரு?”

அத்தை இட்லித் தட்டை அடுக்கினார். “யாரு யாருக்குப் பண்ணுனா என்ன. நம்பர் அவுக போன்லதான் இருக்கு. சார்ஜ் போட்டு வச்சிருக்கேன்.”

மாமா போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். கீழே வந்தேன். மறுபடி போனேன். ‘பவானி சம்பந்தி’ என்று இருந்தது. அழுத்தினேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார். நான் வாய் திறப்பதற்குள் அப்பாவின் குரல்: “வணக்கமுங்க சார்! என்னுங்க, பொங்கலுக்கு உங்க போன் வல்லீங்களே? கோவமோன்னு நெனச்சேன். எப்படி இருக்கறீங்க? பையன் நல்லாருக்கறானுங்களா? இந்தத் தடவ என்னையப் பத்தி என்ன கேட்டானுங்க?”

நான் மாடிப்படியில் உட்கார்ந்தேன்.

“அப்பா, நான் பூபதி.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டாரோ என்று போனைப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மாமா போனதைச் சொன்னேன். எப்போது, எப்படி என்று கேட்டார். சொன்னேன். “ஒரு வார்த்த சொல்லலையே கண்ணு, நான் வந்திருப்பேனே” என்றார். என்னைக் கண்ணு என்று அவர் கூப்பிட்டு எவ்வளவு காலமாயிற்று என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததில் அடுத்து அவர் சொன்ன ஒன்றிரண்டு வார்த்தை காதில் விழவில்லை.

“பூபதி.”

“சொல்லுங்கப்பா.”

“‘உங்க பையன் உங்களை விசாரிச்சான், கண்ணு ஆபரேசன் பண்ணிக்கச் சொன்னான்’னு சாரு வருசா வருசம் சொல்லுவாரு. அவரு சொல்லித்தான் பண்ணிக்கிட்டேன். நெசமாலுமே நீதான சொல்லிவிட்டே?”

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்ததே எனக்கு இப்போதுதான் தெரியும்.

“ஆமாங்கப்பா,” என்றேன். “நான்தான் சொல்லிவிட்டேன்.”

“நானும்தான்,” என்றார் அப்பா, கொஞ்சம் அவசரமாக. “நானும்தான் உன்னைய விசாரிக்கச் சொல்லுவேன். மூச்சு எறைக்குதான்னு கேக்கச் சொல்லுவேன். சொன்னாருதான?”

“ஒவ்வொரு தடவையும் சொன்னாருங்கப்பா.”

அவர் தொண்டையைச் செருமினார்.

“சம்பந்தியம்மாவ வந்து பாக்கோணும். நான் அங்க வந்தா ஏதாச்சும் நெனச்சுக்குவாங்களா?”

அத்தை எப்போது மாடிப்படிக்குக் கீழே வந்து நின்றார் என்று தெரியவில்லை. கையில் கரண்டி. “கத்திரிக்காக் குழம்பு வைக்குதேன்னு சொல்லுங்க” என்றார்.

சொன்னேன். அப்பா, “ஈரோட்டுல இருந்து எந்த பஸ்ல ஏறோணும்?” என்று கேட்டார்.